எல்லாம் வந்துடுச்சு

வியாழக்கிழமை

என் அன்பு வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முப்பத்துநான்கு வயதுக்காரியை இன்னும் வாலு என்று எழுதலாமா என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். உன் நிஜப் பெயரை எழுதினால் பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதுவது போல இருக்கிறது. அதனால் வாலுதான்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். புதன்கிழமை காலையில் ஆபீஸ் போகிற வழியில் நீ கூப்பிடுகிறாய். அம்மா சாப்பிட்டாளா, மாத்திரை போட்டாளா, பயிற்சிக்குப் போனாளா என்று கேட்கிறாய். நான் சொல்கிறேன். "சரிப்பா, வைக்கிறேன்" என்கிறாய். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம். அதற்குள் என் தொண்டை வரை வந்தது திரும்பி உள்ளே போய்விடுகிறது. கடிதம் என்றால் நீ பாதியில் வைத்துவிட முடியாது பார். நாலு நாளில் உன் கைக்கு வந்துவிடும் என்று தபால் அலுவலகத்தில் சொன்னார்கள்.

அம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கவாதம் வந்த வலது கையும் வாயும் அப்படியேதான் இருக்கின்றன. இடது கைக்குப் பலம் வந்துவிட்டது, நிதானம்தான் இல்லை. பேனா பிடித்தால் கோடு கோடாகப் போகிறது. அட்டையில் எழுத்துகளை எழுதிக் காட்டிப் பார்த்தோம். அவள் இரண்டு எழுத்தைத் தொடுவதற்குள் நான் அவசரப்பட்டு வார்த்தையை முடித்துவிடுகிறேன், அதுவும் தப்பாக. அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மையார் போன மாதம் சொன்னார், வார்த்தை எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறதாம், வாய்தான் கேட்க மறுக்கிறதாம். அவரிடம் ஒரு கணினி இருக்கிறது. திரையில் எழுத்துகள் வரிசையாக ஒளிரும். வேண்டிய எழுத்தில் வெளிச்சம் வரும்போது பெரிய பொத்தானைத் தட்ட வேண்டும். வாரத்துக்கு அரை மணி நேரம் அம்மாவுக்கு அது கிடைக்கிறது. இதுவரை அவள் எழுதியது மூன்று வார்த்தை: தண்ணீர், போதும், ஜன்னல். வீட்டிலேயே ஒரு கணினி இருந்தால் நாள் முழுக்கப் பழகலாம், பயிற்சி மென்பொருளை நானே வந்து போட்டுத் தருகிறேன் என்றார்.

வீட்டில்தான் கணினி இருக்கிறதே, மாட்டாத சாமான்களாக, பெட்டி பெட்டியாக. நீ பட்டியல் எழுதிக் கொடுத்து, அவள் ஒவ்வொன்றாக வரவழைத்து அலமாரி மேல் அடுக்கி வைத்தது. எட்டு மாதமாக நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்து பழகிவிட்டேன். போன வாரம் இறக்கித் துடைத்தேன். பெட்டிகளோடு வந்த தாள்களைப் படித்து, நான்கு நாள் உட்கார்ந்து மாட்டினேன். கண்ணாடிக் கடையில் முப்பத்தோரு வருஷம் சட்டத்தில் லென்ஸ் பொருத்தியவனுக்கு இந்த ஆணியெல்லாம் பெரிய ஆணி. என் பழைய திருப்புளிகளைத்தான் வைத்துக்கொண்டேன். அம்மா சக்கர நாற்காலியில் பக்கத்திலேயே இருந்து மேற்பார்வை பார்த்தாள். தொலைக்காட்சிப் பெட்டித் தொழிற்சாலையில் மின்பலகைகளைச் சோதித்துப் பாஸ் போட்டவள் அல்லவா. நான் தேர்வு எழுதுகிற பையன் மாதிரி வேர்த்து விறுவிறுத்துப் போனேன்.

மாட்டி முடித்துப் பொத்தானைத் தட்டினேன். உள்ளே விசிறி சுற்றியது. சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. நான் கை தட்டினேன். திரை மட்டும் மூச்சுக் காட்டவில்லை. 'சிக்னல் இல்லை' என்று ஒரு வரி வந்து, அதுவும் அணைந்து, கறுப்பாகிவிட்டது. வயர்களைப் பிடுங்கிச் செருகினேன். வேறு பிளக்கில் மாட்டினேன். ஒரு நாள் முழுக்க ஆறப் போட்டுவிட்டு மறுபடி பார்த்தேன். விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை கறுப்பு. இன்றோடு மூன்று நாள்.

அம்மாவுக்கும் பொறுமை போய்விட்டது. நான் மூடியைத் திறந்தாலே நாற்காலியின் கைப்பிடியைத் தட்டுகிறாள். பக்கத்தில் போனால் என் மணிக்கட்டைப் பிடித்துக் கட்டைவிரலால் அமுக்குகிறாள், நகம் பதிகிற அளவுக்கு. தண்ணீரா என்றேன், இல்லை. பாத்ரூமா என்றேன், இல்லை. விட்டுத் தொலையுங்கள் என்கிறாள் போலிருக்கிறது. அப்போதைக்கு மூடி வைத்துவிடுகிறேன். அதற்கும் முறைக்கிறாள்.

அம்மாவைப் பார்க்க வந்த நீ திரும்பிப் போன அன்று வாசலில் டாக்சியை நிற்க வைத்துவிட்டுச் சொன்னாயே, "நீங்க ஒரு தடவை கட்டாயப்படுத்தியிருந்தா அம்மா அன்னிக்குக் காலையிலேயே டாக்டர்கிட்ட வந்திருப்பாங்கப்பா. நீங்க யாரையும் எதுக்கும் கட்டாயப்படுத்தவே மாட்டீங்க." அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போதும் பதில் சொல்ல இதை எழுதவில்லை. உன் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி போனை நீ நிறுத்தியதற்கும் குறை சொல்ல மாட்டேன். அம்மா பேசாத போனைக் காதில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை என்றாய். எனக்கும் அந்த அமைதி தாங்க முடிவதில்லை, நான் அதே வீட்டில் இருக்கிறேன் என்பதுதான் வித்தியாசம்.

எங்கே கோளாறு இருக்கும், எதை எதைப் பார்க்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். வேலைக்கு நடுவே தொந்தரவுதான். அடுத்த புதன்கிழமை சொன்னால் போதும். வேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொள்.

உன் நலத்தையே நினைக்கும்
அப்பா


ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வாலுவுக்கு,

புதன்கிழமை நீ ஆறு நிமிஷம் பேசினாய். வைத்த பிறகு போனைப் பார்த்தேன், ஆறு நிமிஷம் பதினோரு நொடி. கணினிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நீ சொன்னதை எல்லாம் வரிசையாகச் செய்தேன். பின்பக்கத்துச் சுவிட்ச் சரியாகவே இருந்தது. பிராசசர் பக்கத்தில் தனியாக மாட்டும் மின்வயர் மாட்டியிருந்தது. திரை வயரும் சரி. ரேமை, அந்த இரண்டு நீளப் பட்டைகளை, கழற்றி மறுபடி மாட்டச் சொன்னாய். ஒரு தடவை அல்ல, ஐந்து தடவை கழற்றி மாட்டினேன். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தேன், மற்றதை மட்டும் வைத்துப் பார்த்தேன், இடம் மாற்றினேன். திரை கறுப்புதான்.

வெள்ளிக்கிழமை மதியம் கீழ்வீட்டு லிஃப்ட் மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். உனக்குத் தெரியும், மழை பெய்தாலும் லிஃப்ட் நின்றாலும் ஒரே குரலில் பேசுகிற மனிதர். அவருக்கு அன்று விடுமுறை. மீட்டர் கொண்டுவந்து மின்சாரம் வருகிறதா என்று ஒவ்வொரு வயராகப் பார்த்தார். எல்லாம் சரி. மதர்போர்டை வெளியே எடுத்து, அட்டை மேல் வைத்து, தேவையில்லாததை எல்லாம் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, போர்டு செத்துப்போயிருக்கும் அண்ணே, எட்டு மாதம் ஆனதால் கடையில் மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள் என்றார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு வருத்தம் வரவில்லை. நிம்மதி வந்தது. திரை கறுப்பாக இருந்த ஒவ்வொரு நாளும் எனக்குள் ஒரு மூலையில் அந்த நிம்மதி இருந்தது. என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது, ஆனாலும் இருந்தது. எழுத்து கிடைத்தால் உன் அம்மா முதலில் என்ன எழுதுவாள்? எட்டு மாதமாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாளே, ஏன் என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை என்று கேட்டுவிட்டால்? அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அது உன்னைப் பற்றியது.

போர்டைத் திரும்பப் பெட்டியில் வைப்பதற்கு முன் அவளிடம் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று நாற்காலியின் பலகை மேல் வைத்தேன். அவள் ஆசைப்பட்டு வாங்கியது. ரேமைக் கழற்றக் கை கொண்டுபோனேன். என் கையைத் தட்டிவிட்டாள். இடது கட்டைவிரல் நடுங்கிக்கொண்டே தடவித் தடவிப் போய், ரேமின் ஒரு முனையில் நின்றது. அமுக்கினாள். போர்டே வளைந்தது. "உடைஞ்சிடும், உடைஞ்சிடும்" என்று கத்திவிட்டேன். டக்கென்று ஒரு சத்தம். ஓரத்துக் கொக்கி தானாக எழுந்து பிடித்துக்கொண்டது. மறு முனைக்குப் போனாள். இன்னொரு டக்.

உனக்குப் புரிந்திருக்கும். ஐந்து தடவை மாட்டினேன் என்றேனே, ஐந்து தடவையும் நான் அதை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். லென்ஸைச் சரியாகத் தேய்த்திருந்தால் சட்டத்தில் தானே உட்காரும். உட்காரவில்லை என்றால் அளவு தப்பு, மறுபடி தேய்க்க வேண்டும். அமுக்கினால் விரிசல் விழும். முப்பத்தோரு வருஷம் இந்தக் கை அப்படித்தான் பழகியது. கடை முதலாளி என்னைப் பூக்கை என்றுதான் கூப்பிடுவார். அதில் எனக்குப் பெருமை வேறு. நம் வீட்டில் இறுகிப் போன பாட்டில் மூடியைத் திறப்பது எப்போதும் யார் என்று நினைத்துப் பார்.

மெக்கானிக் என் மணிக்கட்டில் இருந்த நகத்தழும்புகளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, அண்ணி இத்தனை நாளா இதைத்தான் சொல்லிட்டு இருந்திருக்காங்க."

அவர் வயர்களை மறுபடி செருகிப் பொத்தானைத் தட்டியதும் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். இது கூடத் தெரியாதா என்கிற அந்தப் பழைய பார்வை. எட்டு மாதமாக அது எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேற்றுப் பயிற்சி அம்மையார் வந்து எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தார். அவர் போன பிறகு நாங்கள் இருவர்தான். அம்மா தட்டத் தொடங்கினாள். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். ஒரு வார்த்தையையும் முடித்துவைக்கவில்லை. அரை மணி நேரம் ஆனது. திரையில் இருந்தது இது: "நீங்க கூப்பிட்டீங்க. நான்தான் வரல."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கையிலிருந்து டம்ளர் நழுவியது. கை மரத்துப் போன மாதிரி இருக்கிறது என்றாள். டாக்டரிடம் போகலாம் என்றேன். மதியம் சாப்பிட்ட பிறகு இன்னொரு தடவை சொன்னேன், சட்டை கூட மாற்றிக்கொண்டுவிட்டேன். முந்தின நாள்தான் ரேம் வந்திருந்தது, பட்டியலில் கடைசிச் சாமான். அவள் தலை வாரிக்கொண்டு ஜன்னலோரம் போனோடு உட்கார்ந்தாள். "மூணு மணிக்கு அவ கூப்பிடுவா. எல்லாம் வந்துடுச்சுன்னு சொல்லணும். சொல்லிட்டு வரேன், டாக்டர் எங்க ஓடிடப் போறாரு" என்றாள். சரி என்று நானும் உட்கார்ந்தேன். மூன்று ஆனது. மூன்றரை ஆனது. உனக்கு வேலை இருந்திருக்கும். நாலு மணிக்குப் போன் கீழே விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். நீ கூப்பிட்டபோது மணி ஐந்தரை, நான் மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன்.

இதை உன்னிடம் சொல்லவில்லை. வாசலில் நீ கேட்டபோதும் சொல்லவில்லை. சொன்னால் என் பாரம் குறைந்திருக்கும், ஆனால் அது எங்கே போய் உட்காரும் என்று எனக்குத் தெரியும். தூரத்தில், தனியாக, ஒரு அறையில் அதைச் சுமந்துகொண்டு நீ எப்படித் தூங்குவாய்?

நேற்று அவளிடம் கேட்டேன், இதை உனக்கு எழுதட்டுமா என்று. ஏன் கேட்டேன் தெரியுமா? நல்ல எண்ணம் இல்லை. நீ என்மேல் வைத்திருக்கும் கோபம் எனக்கு வலிக்கிறது. எட்டு மாதமாக வலிக்கிறது. அவள் என்னை வெகு நேரம் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு வார்த்தை தட்டினாள். "வேண்டாம்."

எழுதி முடித்தபோது மணி மூன்றேகால். உன் போன் வராது என்று தெரிந்தும் அவள் ஜன்னலோரம்தான் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாற்காலியை அங்கே நகர்த்தச் சொல்லிக் கண் காட்டுகிறாள். இந்தக் கடிதத்தை அனுப்பப் போவதில்லை. மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டி காலியாக இருக்கிறது, அதில் போட்டு அலமாரி மேல் வைக்கிறேன்.

அப்பா


திங்கட்கிழமை

என் அன்பு வாலுவுக்கு,

நல்ல செய்தி. கணினி ஓடுகிறது. புதன்கிழமை நீ கூப்பிட்டால் அதை மட்டும் சொல்வேன், மீதியை இதில் படித்துக்கொள்.

தப்பு என்னுடையது. ரேம் சரியாக உட்காரவில்லை. நான் அமுக்கவில்லை, அம்மா அமுக்கினாள். லிஃப்ட் மெக்கானிக்கின் மீட்டரும் என் முப்பத்தோரு வருஷ அனுபவமும் கண்டுபிடிக்காததை உட்கார்ந்த இடத்திலிருந்து கண்டுபிடித்துவிட்டாள். முதல் நாளே தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் புரியவில்லை. மெக்கானிக் இதைக் கட்டிடம் முழுக்கச் சொல்லிவிட்டார். மூன்றாம் மாடிக்காரர்கள் தங்கள் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டிவிட்டுப் போனார்கள்.

பயிற்சி மென்பொருளும் போட்டாகிவிட்டது. இப்போது ஒரு வரிக்குப் பத்து நிமிஷம் பிடிக்கிறது. போகப் போக வேகம் வரும் என்கிறார் அம்மையார். நேற்று மாலையே எனக்கு உத்தரவுகள் தொடங்கிவிட்டன. என் பல் துலக்கும் பிரஷ் சகிக்கவில்லையாம், மாற்ற வேண்டுமாம். எட்டு மாதமாக இதை உள்ளேயே வைத்துக்கொண்டு எப்படி இருந்தாளோ தெரியவில்லை. இன்று காலை புதிது வாங்கிவிட்டேன்.

வாசலில் நீ சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. அன்று நீ சொன்னது சரிதான். நான் எதையும் அமுக்கிப் பழகாதவன், அதற்கு ஒரு ரேம் வந்து சாட்சி சொல்ல வேண்டியதாகிவிட்டது. உன் கோபத்தைக் குறைத்துக்கொள் என்று நான் கேட்க மாட்டேன். அது தீரும்போது தீரட்டும். என்மேல்தான் இருக்கிறது என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், எனக்குப் பழகிவிட்டது. நீ மட்டும் எதையும் மனசில் போட்டுக்கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உனக்கென்று அம்மா தட்டிய முதல் வரியை அப்படியே எழுதுகிறேன். "எல்லாம் வந்துடுச்சு." கணினிச் சாமான்களைச் சொல்கிறாள். கொஞ்சம் பழைய செய்திதான். ஆனாலும் அதைத் தானேதான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாள்.

இதுவரை உன்னிடம் நான் எதையும் கட்டாயமாகக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நீ கூப்பிட வேண்டும். அம்மா இரண்டு மணிக்கே தலை வாரிக்கொண்டு ஜன்னலோரம் வந்துவிடுவாள். போனைத் திரைக்குப் பக்கத்தில் வைக்கிறேன். அவள் தட்டுவதை நான் படித்துச் சொல்கிறேன், எந்த வார்த்தையையும் முந்திக்கொண்டு முடிக்க மாட்டேன். நடுவில் நெடு நேரம் சத்தமே இருக்காது. அப்போது வைத்துவிடாதேம்மா. பொத்தானின் டக், டக் சத்தம் கேட்கும், காது கொடுத்துக்கொண்டிரு. அவள் பேசிக்கொண்டுதான் இருப்பாள்.

வேலை வந்து தாமதமானாலும் பரவாயில்லை. நாலு மணி ஆனாலும் ஐந்தரை ஆனாலும் கூப்பிடு. நாங்கள் இருவரும் அங்கேயேதான் இருப்போம். நீ நன்றாக இருக்க வேண்டும், நிம்மதியாகத் தூங்க வேண்டும். அது போதும் எங்களுக்கு.

என்றும் உன்
அப்பா